மரபுத்தொடருக்கு இலக்கணம் உண்டா? ஆங்கிலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பறைகளில் ஒரு பதில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. “ஐ ஹேட் ராதர் கோ” என்ற தொடரில் இறந்தகால ‘ஹேட்’டுக்கு என்ன வேலை, “பை அண்ட் லார்ஜ்” என்பதில் முன்னிடைச்சொல்லும் பெயரடையும் எப்படி ‘அண்ட்’ சேர்ந்து இணைந்தன என்று மாணவர் கேட்டால், “அது இடியம், அதற்கு இலக்கணம் பார்க்கக் கூடாது, அப்படியே மனப்பாடம் செய்துகொள்” என்று சொல்லிவிடுகிறோம். மொழியில் விதிக்கு உட்பட்ட பகுதி ஒன்று, விதி செல்லாத பகுதி இன்னொன்று என்ற கொள்கையை இந்தப் பதில் கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொண்டுவிடுகிறது. அந்தக் கொள்கை உண்மைதானா என்பதே இக்கட்டுரையின் விசாரணை. ஆங்கில மரபுத்தொடர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்த்தால் கிடைக்கும் விடை வேறு. அவற்றுள் பெரும்பாலானவை இன்றைய இலக்கணத்துக்கே முழுதும் கட்டுப்பட்டவை. வழுவாகத் தோன்றும் சில தொடர்கள், பழைய ஆங்கிலத்துக்கோ பக்கத்து மொழி ஒன்றுக்கோ உரிய இலக்கணத்தைப் பின்பற்றுகின்றன. எஞ்சியவற்றில் பல, பாடநூல்கள் எழுதாமல் விட்ட சிறு விதிகளாக இன்றும் இயங்குகின்றன. ஆகவே, குறை மரபுத்தொடர்களிடம் இல்லை. இலக்கணம் என்று நாம் வைத்திருக்கும் பட்டியல் குறுகியது என்பதே என் வாதம்.

முதலில் கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு மரபுத்தொடர் சரியாக அமையவில்லை என்று சொல்லும்போது நாம் மூன்று வெவ்வேறு குறைகளை ஒரே பெயரால் சுட்டுகிறோம். ஒன்று, பொருள் இருண்டிருப்பது. “கிக் தி பக்கெட்” என்றால் வாளியை உதைப்பது என்று தெரியும். அது எப்படிச் செத்துப்போவதைக் குறித்தது என்பது சொற்களிலிருந்து விளங்காது. ஃப்ரான்சிஸ் குரோஸ் 1785இல் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியிலேயே இத்தொடர் இடம்பெற்றுவிட்டது. ஆனால் வினை, அதன் செயப்படுபொருள், இரண்டுக்கும் நடுவே ஆர்ட்டிகிள் என்ற அதன் அமைப்பில் இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. இரண்டாவது, தர்க்கம் இடிப்பது. “ஹெட் ஓவர் ஹீல்ஸ்” என்பது தலைகுப்புற விழுவதைக் குறிக்கிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் குதிகாலுக்கு மேலே தலை இருக்கும் இயல்பான நிலையைத்தான் அது சொல்கிறது. பழைய வழக்கு “ஹீல்ஸ் ஓவர் ஹெட்” என்று சரியாகவே இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் அது முன்பின்னாக மாறியது. அமெரிக்கர் பலர் தமக்குத் துளியும் அக்கறை இல்லை என்பதை “ஐ குட் கேர் லெஸ்” என்று எதிர்மறையை விட்டுவிட்டுச் சொல்வதும் இந்த வகைதான். இவற்றிலும் தர்க்கம் பிசகியதே தவிர வாக்கிய அமைப்பு பிசகவில்லை. மூன்றாவது வகைதான் உண்மையான இலக்கணச் சிக்கல்: சொற்கள் சேர்ந்திருக்கும் முறையே இன்றைய விதிகளுக்கு ஒவ்வாதது. இலக்கண அமைதியும் பொருளுடைமையும் வேறு வேறு என்பதை, பொருளே இல்லாத, ஆனால் இலக்கணம் வழுவாத ஒரு வாக்கியத்தைக் கட்டிக்காட்டி 1957இல் நோம் சாம்ஸ்கி நிறுவினார். அந்தப் பிரிப்பை மனத்தில் கொண்டால், முதல் இரு வகைகளும் நம் கேள்விக்கு வெளியே போய்விடுகின்றன. மக்கள் வழுவென்று சுட்டும் தொடர்களில் பெரும்பகுதி இந்த இரண்டில்தான் அடங்கும்.

அந்த முதல் வகைத் தொடர்கள் வெளித்தோற்றத்தில் மட்டும் இலக்கணத்துக்குப் பொருந்துகின்றன, உள்ளே அவை இறுகிய கட்டிகள் என்று சிலர் சொல்லக்கூடும். உள்ளே நுழைந்து பார்த்தால் அப்படி இல்லை. “லூஸ் ஒன்ஸ் மைண்ட்” என்ற தொடரில் நிதானத்தை இழந்தவர் யாரோ அவருக்கேற்ப உடைமைச்சொல் மாற வேண்டும்; அவன் இழந்தால் ‘ஹிஸ்’, அவள் இழந்தால் ‘ஹர்’. அவன் இழந்ததற்கு ‘ஹர்’ போட முடியாது. எழுவாய்க்கும் உடைமைச்சொல்லுக்கும் உள்ள இயைபு விதி தொடருக்குள் புகுந்து வேலை செய்கிறது. வினையும் அப்படியே: “டேக் தி புல் பை தி ஹார்ன்ஸ்” இறந்தகாலத்துக்குப் போகும்போது ‘டுக்’ என்று ஒழுங்கற்ற வடிவத்தையே எடுக்கிறது. இதைவிட நுட்பமான சான்று ஒன்றை மார்த்தா மெக்கின்னிஸ் 2002இல் எழுதிய கட்டுரையில் காணலாம். நோயாளி ஒருவர் மூன்று வாரமாக இறந்துகொண்டிருந்தார் என்று ‘டை’ என்ற வினையைக் கொண்டு ஆங்கிலத்தில் சொல்லலாம். மூன்று வாரமாக அவர் ‘கிக்கிங் தி பக்கெட்’ என்று சொன்னால் ஆங்கிலேயர் காதுக்கு இடறும். உதைத்தல் ஒரு நொடியில் முடியும் செயல். உதையோ வாளியோ பொருளில் இல்லாமல் போனபின்பும், அந்த வினைத்தொடரின் காலப்பாங்கு மட்டும் உள்ளே உயிரோடு இருந்து, நீடித்த சாவை ஏற்க மறுக்கிறது. பொருள் முற்றிலும் மறைந்த இடத்திலும் இலக்கணம் மறையவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

செயப்பாட்டுவினையாக மாற்றிப் பார்ப்பது இன்னொரு சோதனை. “புல் ஸ்ட்ரிங்ஸ்” என்றால் செல்வாக்குள்ளவர்களைப் பிடித்துக் காரியம் சாதிப்பது. இதை “ஸ்ட்ரிங்ஸ் வேர் புல்ட்” என்று மாற்றினாலும் பொருள் கெடாது. இரகசியத்தைப் போட்டு உடைப்பதைக் குறிக்கும் “ஸ்பில் தி பீன்ஸ்” கூட அப்படி மாறும். “தி பக்கெட் வாஸ் கிக்ட்” என்று மாற்றினாலோ சாவு போய்விடுகிறது, வாளி மட்டும் மிஞ்சுகிறது. இந்த வேறுபாடு தற்செயலானதா? புரூஸ் ஃப்ரேசர் 1970இல் மரபுத்தொடர்களை அவற்றின் இறுக்கத்துக்கேற்ப ஏழு படிநிலைகளில் அடுக்கினார். ஏன் சில இறுகின, சில நெகிழ்ந்தன என்ற கேள்விக்கு ஜெஃப்ரி நன்பர்க், ஐவன் சாக், தாமஸ் வாசோ மூவரும் 1994இல் ‘லாங்குவேஜ்’ ஆய்விதழில் விடை சொன்னார்கள். பயறு என்பது இரகசியம், சிந்துவது என்பது வெளியிடுவது என்று தொடரின் பொருளை உறுப்பு உறுப்பாகப் பங்கிட்டுக் கொடுக்க முடிந்தால், அந்த உறுப்புகள் வாக்கியத்தில் இடம் மாறலாம், அடை ஏற்கலாம். வாளிக்கென்று தனியாக ஒரு பொருள் இல்லாததால் அதை எழுவாயாக முன்னே நிறுத்திப் பேச வழியில்லை. பொருளற்ற ஒன்றை முதன்மைப்படுத்த முடியாது என்பது மரபுத்தொடருக்கு மட்டும் உரிய விதிவிலக்கன்று. செயப்பாட்டுவினையின் பயனே செயப்படுபொருளைப் பேச்சின் மையத்துக்குக் கொண்டுவருவதுதான். ஆக, “கிக் தி பக்கெட்” மாற மறுப்பதும் பொது விதியின் விளைவே.

இங்கே முதல் மறுப்பு எழும். மரபுத்தொடர் என்பது நீளமான ஒரு சொல், மனம் அதை முழுதாகச் சேமித்து முழுதாக எடுத்துத் தருகிறது. ஒரு சொல்லுக்குள் வாக்கிய இலக்கணம் தேடுவது வீண் என்பது அந்த மறுப்பு. இதற்கு ஆதாரமும் உண்டு. டேவிட் ஸ்வின்னியும் ஆன் கட்லரும் 1979இல் நடத்திய சோதனைகளில், பழகிய மரபுத்தொடர்களை அதே நீளமுள்ள சாதாரணத் தொடர்களைவிட மக்கள் விரைவாக இனங்கண்டார்கள். சேமிப்பில் இருப்பதால்தான் இந்த வேகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முழுதாகச் சேமித்திருப்பதும் உள்ளமைப்பு இல்லாமலிருப்பதும் ஒன்றாகாது. கூப்பர் கட்டிங், கேத்ரின் பாக் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, வாய் தவறும்போது மரபுத்தொடர்கள் ஒன்றோடொன்று எப்படிக் கலக்கின்றன என்று பார்த்தது. நடப்பது இப்படித்தான் நடக்கும் என்பதற்கு ஆங்கிலத்தில் பிஸ்கட் நொறுங்குவதாகச் சொல்லும் தொடர் ஒன்று உண்டு, பந்து எகிறுவதாகச் சொல்லும் தொடர் ஒன்றும் உண்டு. இரண்டும் கலந்து பிஸ்கட் எகிறுகிறது என்று வாயில் வந்துவிடும். ஒரே வாக்கிய அமைப்புள்ள தொடர்கள் இப்படி அதிகமாகக் கலந்தன. அமைப்பு வேறுபட்டவை குறைவாகக் கலந்தன. தொடர் மனத்துக்குள் பிளவில்லாத ஒற்றைச் சொல்லாக இருந்திருந்தால் அதன் உள்ளமைப்பு இந்தக் கலப்பைப் பாதித்திருக்க முடியாது. வினை வந்த இடத்தில் இன்னொரு தொடரின் வினை வந்து உட்கார்ந்திருக்காது. சேமிப்பில் இருக்கும்போதும் மரபுத்தொடர் தன் எழுவாய் எது, வினை எது என்ற அடையாளத்தை இழப்பதில்லை.

இனி உண்மையாகவே இடறும் தொடர்களுக்கு வருவோம். இவற்றில் மிக அதிகமாகக் கண்டனம் பெற்ற “ஐ ஹேட் ராதர்” என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயன்தரும். போவதையே விரும்புவேன் என்று இப்போதைய விருப்பத்தைச் சொல்ல இறந்தகால ‘ஹேட்’ வருகிறது. ‘ஹேவ்’ என்ற வினைக்குப் பின் வழக்கமாக வரும் ‘டு’ இல்லாமல் வெறும் ‘கோ’ வருகிறது. இரண்டும் இன்றைய விதிக்கு ஒவ்வாதவை. 1755இல் வெளிவந்த தமது அகராதியில் சாமுவேல் ஜான்சன் இதை மொழிக்குள் அண்மையில் நுழைந்த நாகரிகமற்ற வழக்கு என்று கருதி, ‘வில் ராதர்’ என்பதே நல்லது என்று பரிந்துரைத்தார். ‘சொல்லாட்சிக் கலையின் தத்துவம்’ என்ற நூலை 1776இல் எழுதிய ஜார்ஜ் கேம்ப்பெல், பிரித்துப் பார்க்கும்போது இலக்கண வழு தெரியும் தொடர்களை விலக்க வேண்டும் என்று விதி வகுத்து, இத்தொடரை எடுத்துக்காட்டாக வைத்தார். இருவரும் அறிவில் பெரியவர்கள். ஆனால் வரலாறு இவர்கள் பக்கம் இல்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இத்தொடர் பலமுறை வருகிறது. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தின் 84ஆம் சங்கீதத்தில் வருகிறது. அதற்கும் முன்னே 15ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் உள்ளது. இதன் முன்னோடி “ஹேட் லீஃபர்” என்ற பழைய தொடர். ‘லீஃப்’ என்றால் அன்புக்குரியது. “ஹேட் லீஃபர்” என்றால் இதை அதிக விருப்பத்துக்குரியதாகக் கொள்வேன் என்று பொருள். அந்த ‘ஹேட்’ இறந்தகாலத்தைக் குறிக்கவில்லை. நிகழாத ஒன்றை, விருப்பமாகவோ கற்பனையாகவோ சொல்லும் வினைவடிவம் அது. ‘லீஃபர்’ வழக்கொழிந்து அதன் இடத்தில் ‘ராதர்’ வந்தது. கட்டுமானம் அப்படியே தொடர்ந்தது. இந்த வரலாற்றைச் சான்றுகளோடு திரட்டி 1881இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிலாலஜி’ இதழில் நீண்ட கட்டுரையாக எழுதியவர் ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால். நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, இளமையில் கல்கத்தா வந்து, காசியில் அரசு சமஸ்கிருதக் கல்லூரியில் பணியாற்றி, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குப் பல்லாண்டுகள் உழைத்தவர் அவர். ஒரு தொடரை வழுவென்று தீர்ப்பளிக்கும் முன் பல நூற்றாண்டு நூல்களில் அது எப்படி வழங்கியது என்று பார்க்க வேண்டும் என்ற ஒழுங்கை அவர் எழுத்தில் காண்கிறோம். ஜான்சனும் கேம்ப்பெல்லும் பார்த்தது இன்றைய ‘ஹேட்’டை, தொடரில் இருந்தது அன்றைய ‘ஹேட்’.

இதே விளக்கம் வேறு பல தொடர்களுக்கும் பொருந்தும். “மீதிங்க்ஸ்” என்பது ‘மீ’ என்ற வேற்றுமை ஏற்ற வடிவத்தை எழுவாய் இடத்தில் வைத்து, படர்க்கைக்குரிய ‘எஸ்’ விகுதியை வினையில் ஒட்டியதாகத் தோன்றும். பழைய ஆங்கிலத்தில் நினைத்தலுக்கு ஒரு வினையும் தோன்றுதலுக்கு வேறொரு வினையும் இருந்தன. ஒலியில் நெருங்கிய இவை பிற்காலத்தில் ஒரே வடிவமாகக் கலந்தன. இத்தொடரில் உள்ளது தோன்றுதல் வினை. ‘மீ’ இங்கே நான்காம் வேற்றுமை. எனக்குத் தோன்றுகிறது, எனக்குப் பசிக்கிறது என்று அன்றாடம் பேசும் தமிழருக்கு இந்த அமைப்பில் வியப்பதற்கு எதுவும் இல்லை. உணர்பவரை எழுவாயாக்காமல் நான்காம் வேற்றுமையில் வைக்கும் வழக்கம் பழைய ஆங்கிலத்தில் பரவலாக இருந்தது. “வோ இஸ் மீ” என்ற புலம்பலும் எனக்குத் துன்பம் என்பதே. துன்பம் நான்தான் என்று அது சொல்லவில்லை. “இஃப் யு ப்ளீஸ்” என்பதில் இன்று ‘யு’ எழுவாயாகத் தெரிகிறது; முன்பு அது உமக்கு விருப்பமாகுமானால் என்ற அமைப்பில் இருந்தது. வேற்றுமை உருபுகள் தேய்ந்து, எழுவாய் வினைக்கு முன்னால் வரவேண்டும் என்ற வரிசை விதி ஆங்கிலத்தில் இறுகியபோது, இந்தப் பழைய கட்டுமானங்கள் புதிய விதிக்குப் புரியாதவையாக நின்றுவிட்டன.

வியங்கோளின் கதையும் இதுவே. “லாங் லிவ் தி கிங்”, “பி தட் அஸ் இட் மே”, “ஃபார் பி இட் ஃப்ரம் மீ”, “சஃபைஸ் இட் டு சே” ஆகிய தொடர்களில் வினை படர்க்கை விகுதி இல்லாமல் வருகிறது, எழுவாய்க்கு முன்னாலும் நிற்கிறது. வாழ்க, ஆகுக, போதும் ஆகுக என்று விருப்பத்தையோ உடன்பாட்டையோ சொல்லும் வினைமுறை ஆங்கிலத்திலும் முழு வாழ்வு வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அது சில தொடர்களிலும் சில வகைத் துணைவாக்கியங்களிலும் மட்டும் எஞ்சியிருக்கிறது. “தி மோர் தி மெரியர்” என்ற தொடர் இன்னும் சுவையானது. ஜான் ஹேவுட் 1546இல் தொகுத்த பழமொழி நூலிலேயே இது உண்டு. இங்கே இருமுறை வரும் ‘தி’ நாம் அறிந்த ஆர்ட்டிகிள் இல்லை. பெயர்ச்சொல்லே இல்லாத இடத்தில் ஆர்ட்டிகிளுக்கு வேலை கிடையாது. பழைய ஆங்கிலச் சுட்டுச்சொல்லின் கருவி வேற்றுமை வடிவம் அது. எவ்வளவால் கூடுகிறதோ அவ்வளவால் மகிழ்ச்சி என்று அளவை அளவோடு பொருத்தியது. ஒலியில் ஆர்ட்டிகிளோடு ஒன்றிப்போனதால் மட்டுமே அது இன்று புதிராகத் தெரிகிறது.

வேறு மொழிகளின் இலக்கணத்தை ஏற்றுக்கொண்ட தொடர்கள் தனிக் குடும்பம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் நீதிமன்றங்களில் பிரெஞ்சு பல நூற்றாண்டுகள் வழங்கியது. அதனால்தான் “கோர்ட் மார்ஷல்”, “அட்டர்னி ஜெனரல்”, “டைம் இம்மெமோரியல்” ஆகியவற்றில் பெயரடை பெயருக்குப் பின்னால் நிற்கிறது. அந்த அமைப்பு இன்னும் உணரப்படுகிறது. கவனமாக எழுதுவோர் பன்மை விகுதியைக் கடைசிச் சொல்லில் போடாமல் ‘கோர்ட்ஸ்’, ‘அட்டர்னீஸ்’ என்று முதற்சொல்லில் போடுகிறார்கள். நினைவுக்கு எட்டாத காலம் என்ற அந்த மூன்றாவது தொடருக்கு அளந்து வைத்த எல்லையும் இருந்தது: 1275ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், முதலாம் ரிச்சர்டு அரசேறிய 1189ஐ சட்டப்படியான நினைவின் தொடக்கமாக வைத்தது. “லாங் டைம் நோ சீ” என்ற தொடரின் சொல்வரிசை சீன மொழியின் ‘ஹாவ் ஜியு பு ஜியன்’ என்ற முகமனோடு உறுப்புக்கு உறுப்பு ஒத்துப்போகிறது. “பை அண்ட் லார்ஜ்” 17ஆம் நூற்றாண்டு மாலுமிகளின் பேச்சு. காற்றை எதிர்த்து நெருங்கிச் செல்வது ‘பை’, காற்று பின்பக்கவாட்டில் தள்ளச் செல்வது ‘லார்ஜ்’. இரண்டு நிலையிலும் நன்றாக ஓடும் கப்பலைப் பற்றிய பேச்சில் இவ்விரண்டும் ஒரே தகுதியுள்ள வினையடைகள். அவற்றை ‘அண்ட்’ இணைத்ததில் குற்றம் இல்லை. நடனமாடுவதைக் குறிக்கும் “ட்ரிப் தி லைட் ஃபன்டாஸ்டிக்” என்பதில் பெயரடைகள் மட்டும் இருந்து பெயர்ச்சொல்லைக் காணோம். 1645இல் அச்சான மில்டனின் ‘லாலெக்ரோ’ கவிதையில் அந்த அடைகளுக்குப் பின் கால்விரல் என்ற பெயர்ச்சொல் இருந்தது. வழக்கில் அது உதிர்ந்துவிட்டது. வழுவாகத் தோன்றும் ஒவ்வொரு தொடரின் பின்னாலும் ஒழுங்காகப் பேசிய ஒரு கூட்டம் இருந்திருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இங்கேதான் வலுப்பெறுகிறது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சொல்வரலாறு வேறு, இலக்கணம் வேறு என்பது அந்த மறுப்பு. லண்டனில் இன்று பேசும் ஒருவருக்குப் பழைய ஆங்கிலத்தின் கருவி வேற்றுமையும் தெரியாது, மாலுமிகளின் காற்றும் தெரியாது. அவர் மனத்தில் இல்லாத ஓர் இலக்கணத்தைக் காட்டி அவர் பேசும் தொடரை நியாயப்படுத்துவது முறையா? முறையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். “பை அண்ட் லார்ஜ்” போன்ற தொடர் இன்றைய மொழியில் உண்மையாகவே பிரிக்க முடியாத கட்டிதான். அதன் வரலாறு அது எப்படி வந்தது என்பதைச் சொல்லும், இன்று எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லாது. ஆனால் இந்த அளவுக்கு உறைந்துபோன தொடர்கள் சிலவே. மற்றவற்றைச் சோதிக்க ஒரு வழி உண்டு: இதுவரை யாரும் சொல்லாத புதுத் தொடரை அதே அச்சில் வார்த்தால், கேட்பவர் தயங்காமல் புரிந்துகொள்கிறாரா? “தி மோர் தி மெரியர்” அச்சில் எந்தப் பெயரடையையும் வினையடையையும் இட்டு, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, எவ்வளவு படிக்கிறோமோ அவ்வளவு குழப்பம் என்று முடிவில்லாமல் வாக்கியங்கள் ஆக்கலாம். ஒரு குழந்தைகூட ஆக்கும். “கம் மண்டே” என்றால் திங்கட்கிழமை வந்ததும் என்று பொருள். அந்த இடத்தில் தேர்தலையோ அடுத்த கோடையையோ வைக்கலாம். வியங்கோளாகப் பிறந்த இந்த ‘கம்’ இன்று முன்னிடைச்சொல்லைப் போல வேலை செய்கிறது. “ஹேட் ராதர்” உடன் பிறந்த “ஹேட் பெட்டர்” பேச்சில் ‘ஹேட்’டையே உதிர்த்துவிட்டு “யு பெட்டர் கோ” என்று ஆகியிருக்கிறது, ‘பெட்டர்’ துணைவினையாகிக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம் இது. சீனச் சாயலுள்ள அந்த முகமன்கூடப் பார்த்தல் இருந்த இடத்தில் கேட்டல், பேசல் என்ற வினைகளை ஏற்கிறது. பழைய வேற்றுமை பேசுபவரின் மனத்தில் இல்லை. ஆனால் ஏதோ ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதுவும் இலக்கணமே.

இந்த ஒழுங்கை முறைப்படி ஆராய்ந்த கட்டுரைகளில் முதன்மையானது சார்லஸ் ஃபில்மோர், பால் கே, மேரி கேத்ரின் ஓ’கானர் மூவரும் 1988இல் ‘லாங்குவேஜ்’ இதழில் எழுதியது. அவர்கள் எடுத்துக்கொண்டது “லெட் அலோன்” என்ற இரண்டே சொற்கள்: ஒன்றே நடக்கவில்லை, அதைவிடப் பெரியது எங்கே நடக்கப் போகிறது என்ற பொருளில் வருவது. இட்லிக்கே காசில்லை, பிரியாணிக்கு எங்கே போவது என்று நாம் சொல்வதை ஒத்தது. இத்தொடர் வர வேண்டுமானால் முன்பகுதி பெரும்பாலும் எதிர்மறையாக இருக்க வேண்டும். ஒப்பிடப்படும் இரண்டும் ஒரே அளவுகோலில் மேலும் கீழும் உள்ளவையாக இருக்க வேண்டும். வலிமையான மறுப்பு முன்னதாகவும் அதிலிருந்து தானே பெறப்படுவது பின்னதாகவும் வர வேண்டும். ‘விடு’ என்ற வினையின் பொருளிலிருந்தோ பொது வாக்கிய விதிகளிலிருந்தோ இந்த நிபந்தனைகளைப் பெற முடியாது. ஆனால் ஆங்கிலம் பேசும் எல்லோரும் இவற்றைத் தவறாமல் பின்பற்றுகிறார்கள். யாரும் கற்பிக்காமலே கோடிக்கணக்கானோர் ஒரே மாதிரி பின்பற்றும் நிபந்தனைத் தொகுதியை இலக்கணம் என்று அழைக்காமல் வேறு என்ன சொல்ல முடியும்? பொது விதிகளும் தனிச் சொற்களும் மட்டுமே மொழி என்று கருதியவர்களுக்கு, இரண்டுக்கும் நடுவில் பரந்து கிடக்கும் நிலத்தை இந்த ஆய்வு காட்டியது. பிற்காலத்தில் கட்டுமான இலக்கணம் என்று வளர்ந்த துறைக்கு இது ஓர் அடித்தளம். அதற்கு அறுபதாண்டுகளுக்கும் முன்பே, 1924இல், ஓட்டோ யெஸ்பர்சன் வாய்பாடுகளாக உறைந்த தொடர்களையும் தன்னிச்சையாக ஆக்கும் தொடர்களையும் பிரித்துக்காட்டி, இரண்டும் சேர்ந்ததே மொழியின் வாழ்வு என்று எழுதியிருந்தார்.

அப்படியானால் இவை வழு என்ற எண்ணம் ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது? 18ஆம் நூற்றாண்டு ஆங்கில இலக்கண நூல்கள் எழுந்த சூழலில் இதற்கு விடை கிடைக்கிறது. லத்தீன் படித்தவர்கள், லத்தீன் இலக்கண உறுப்புகளின் பெயர்களைக் கொண்டே ஆங்கிலத்தை விவரித்தார்கள். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே பெயர் சொல்லி வகைப்படுத்துவதே இலக்கணப் பயிற்சி என்று ஆயிற்று. ராபர்ட் லோத் 1762இல் வெளியிட்ட சிறு இலக்கணம் ஷேக்ஸ்பியர், மில்டன், விவிலியம் ஆகியவற்றிலேயே வழுக்களைப் பொறுக்கி அடிக்குறிப்புகளில் திருத்தியது. ஆனாலும் லோத், பிற்காலத்தவர் அவர் தலையில் கட்டிய அளவுக்குக் கடுமையானவர் அல்லர். முன்னிடைச்சொல்லை வாக்கியக் கடைசியில் விடுவது தம் மொழி பெரிதும் நாடும் மரபு என்றும் பேச்சுக்கு அது பொருந்தும் என்றும் ஒப்புக்கொண்டவர். அவருக்கு ஓராண்டு முன்னே, 1761இல், ஜோசப் பிரீஸ்ட்லி மொழிக்கு அளவுகோல் மக்கள் வழக்கே என்று துணிந்து எழுதியிருந்தார். பள்ளிகளில் நிலைத்தது விதியும் திருத்தமும்தான். வழக்கே அளவுகோல் என்ற குரல் அங்கே எடுபடவில்லை. விதிப்பட்டியல் முதலில் உறுதியானது. அதில் அடங்காதவையெல்லாம் பிறகு விதிவிலக்கு என்று பெயர் பெற்றன. 1925இல் லோகன் பியர்சல் ஸ்மித் மரபுத்தொடர்களைப் பரிவோடு தொகுத்தபோதும், இலக்கணத்தையோ தர்க்கத்தையோ மீறுவது அவற்றுள் சிலவற்றின் இயல்பு என்றே எண்ணினார். அடுத்த ஆண்டு ஃபௌலர் தம் புகழ்பெற்ற வழக்குக் கையேட்டில் இலக்கணமும் மரபும் தனித்தனி வகைகள், சில இடங்களில் ஒத்தும் சில இடங்களில் மாறுபட்டும் நிற்கும் என்றார். மரபானது பெரும்பாலும் இலக்கணத்தோடு ஒத்தே போகும் என்றும் சேர்த்துச் சொன்னார். ஃபௌலரின் கணிப்பு சரியானது. அவர் போட்ட எல்லைக்கோடு மட்டும் தேவையற்றது.

எல்லாவற்றையும் இலக்கணம் என்று ஏற்றுக்கொண்டால் பிழை என்ற ஒன்றே இல்லாமல் போகாதா என்பது மூன்றாவது மறுப்பு. யார் எதைச் சொன்னாலும் சரி என்று ஆகிவிடும் என்று ஆசிரியர்கள் அஞ்சுவது இயல்பு. உண்மையில் மரபுத்தொடர் பொது விதியைவிடக் கண்டிப்பானது. ‘லார்ஜ்’ என்பதற்கும் ‘பிக்’ என்பதற்கும் பொருள் நெருக்கம் உண்டு. அதற்காக “பை அண்ட் பிக்” என்று எவராலும் சொல்ல முடியாது. “ஹேட் ராதர்” என்பதற்குப் பின் பொது விதியை நம்பி ‘டு கோ’ என்று போட்டால் அதுதான் பிழை. “கோர்ட் மார்ஷல்” பின்னடை ஏற்றது என்பதற்காக மற்றப் பெயரடைகளையும் நம் விருப்பப்படி பின்னே தள்ள முடியாது. ஒரு சமூகத்தின் நிலைத்த வழக்கு எது என்பது ஆராய்ந்து அறியக்கூடிய செய்தி. நூல்களிலும் பேச்சிலும் தேடிச் சரிபார்க்கலாம். ஹால் செய்தது அதைத்தான். தனி ஒருவர் தடுமாறிச் சொன்னதும், ஒரு மொழிச் சமூகம் தலைமுறைகளாகச் சொல்லி வருவதும் ஒன்றாகிவிடாது. வழக்கை அளவுகோலாகக் கொண்டால் பிழையைக் கண்டுபிடிக்கும் வேலை எளிதாகிவிடாது. அதற்கு இன்னும் கூடுதலான படிப்பும் பொறுமையும் தேவைப்படும்.

இந்தச் சிந்தனை தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். 13ஆம் நூற்றாண்டு நன்னூல் இயல்பு வழக்கை இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என மூன்றாக வகுக்கிறது. இல்லின் முன்னிடம் ‘இல்முன்’ என்றுதான் இருக்க வேண்டும். அது முன்பின்னாக மாறி ‘முன்றில்’ என்று வழங்குவதை நன்னூலார் குற்றம் என்று ஒதுக்கவில்லை, இயல்பு வழக்குக்குள்ளேயே இடம் கொடுத்தார். குதிகாலும் தலையும் இடம் மாறிய ஆங்கிலத் தொடரை அவர் பார்த்திருந்தால் எங்கே வைத்திருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை. வழுவமைதி என்ற வகையும் அப்படிப்பட்டதே: உவப்பினால் பசுவை அம்மா என்று உயர்திணையாகச் சொல்வது விதிப்படி வழு, காரணம் இருப்பதால் அமைதி. விதிக்கு வெளியே நிற்பதை வெளியே விட்டுவிடாமல், அது ஏன் அப்படி நிற்கிறது என்று கேட்டு, காரணத்தை வகைப்படுத்தி, இலக்கண நூலுக்குள்ளேயே அதற்கு நூற்பா எழுதுவது இந்த மரபின் வழி. 18ஆம் நூற்றாண்டு ஆங்கில இலக்கணத்தார் செய்யத் தவறியது இதையே.

இந்த முடிவுக்கு நடைமுறைப் பயன் உண்டு. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவருக்கு மரபுத்தொடர்ப் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதால், அவர் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சுமையாகத் தூக்க வேண்டியிருக்கிறது. “மீதிங்க்ஸ்”, “வோ இஸ் மீ” இரண்டையும் நான்காம் வேற்றுமை என்ற ஒரே விளக்கத்தின்கீழ் கொண்டுவந்தால் தமிழ் மாணவருக்கு அவை உடனே பிடிபடும். “லாங் லிவ்”, “பி தட் அஸ் இட் மே” இரண்டையும் வியங்கோள் என்று காட்டலாம். “தி மோர் தி மெரியர்” அச்சைக் கற்பித்தால் ஒரு தொடருக்குப் பதில் ஆயிரம் வாக்கியங்கள் அவர் கைக்கு வரும். “பை அண்ட் லார்ஜ்” போன்ற சிலவற்றை மட்டும் மனப்பாடத்துக்கு விட்டுவிடலாம். அகராதி தொகுப்பவர்களும் ஒரு தொடரின் பொருளோடு நிற்காமல், அது செயப்பாட்டுவினையாகுமா, அடை ஏற்குமா, எந்தச் சொல்லை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதையும் தர வேண்டும். இலக்கணம் பார்க்கக் கூடாது என்று சொல்லிக் கேள்வியை மூடிய இடங்களில்தான் மொழியின் வரலாறும் இயக்கமும் மிகுதியாகப் புலப்படுகின்றன. கேள்வி கேட்ட மாணவர் சரியான இடத்தில்தான் நின்று கேட்டிருக்கிறார். அவருக்குத் தர வேண்டிய விடை இருக்கிறது, அதைத் தேடித் தருவது கற்பிப்பவர் கடமை.